வயல் நடுவில் கடை வளாகம் எப்படி வந்தது?

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது காரில் இருந்தபடி பார்த்த ஒரு காட்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலை அல்ல, அதற்கு அடுத்த நிலையில் உள்ள 'ஏ' வகை முக்கியச் சாலை. இரண்டு பக்கமும் வயல். திடீரென்று ஒரு ரவுண்டானா. அதை ஒட்டி செருப்புக்கடை, துணிக்கடை, வீட்டுச் சாமான் கடை என்று வரிசையாகத் தகரக் கூரைக் கட்டடங்கள், முன்னால் மைதானம் போலக் கார் நிறுத்துமிடம். "முன்பு இது சர்வீஸ் ஏரியா, வண்டிகள் நின்று இளைப்பாறிப் போகும் இடம்" என்று மருமகன் சொல்லியிருக்கிறார். சாப்பாடு சரியில்லாமல் மூடிவிட்டார்களா என்பது உங்கள் கேள்வி. ஆனால் அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. வயலில் ஒரு கொட்டகை போடுவதற்கே ஆயிரம் விதி பார்க்கும் நாட்டில், ஊரே இல்லாத இடத்தில் இத்தனை கடைகளுக்கு யார் இடம் கொடுத்தார்கள்? முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தின் உள்ளாட்சி அலுவலகங்களில் சாலையோர நிலங்களுக்கான திட்ட அனுமதிக் கோப்புகளை, அதாவது ஒரு நிலத்தில் எதைக் கட்டலாம், அதை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கொடுக்கும் அனுமதியின் கோப்புகளைப் பார்த்துவருகிறேன். எனக்குத் தெரிந்தது சாலையும் நிலமும் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டமும். ஒரு கடையின் லாப நட்டக் கணக்கை வைத்துப் பேச எனக்குத் தகுதியில்லை. ஆகவே பதிவில் இருப்பதை உறுதியாகவும், என் அனுபவத்தில் ஊகிப்பதை ஊகமாகவும் பிரித்துச் சொல்கிறேன். கோப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றுதான்: சாலை நகர்ந்துவிடும், ஆனால் அந்த நிலத்துக்குக் கொடுத்த அனுமதி அங்கேயே இருக்கும். நீங்கள் பார்த்த கடை வளாகம் அந்தப் பழைய அனுமதியின் மேல்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

மோட்டார்வேக்கள் வருவதற்கு முன்பு நீண்ட பயணம் என்றால் ஏ சாலைதான். அன்றைய வண்டிகளுக்கு வழியில் நின்றே ஆகவேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர், டயருக்குக் காற்று, ஓட்டுநருக்குத் தேநீர். அதனால் சாலையோரத்தில் பெட்ரோல் பங்க்கும் லாரிக்காரர்களின் கஃபேயும் பக்கத்தில் பக்கத்தில் முளைத்தன. இந்த முளைப்பு எல்லை மீறிப் போகிறது என்று கவலைப்பட்டுத்தான் 1935-இல் சாலையோரக் கட்டடங்களைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. முக்கியச் சாலைகளின் நடுக்கோட்டிலிருந்து 220 அடிக்குள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் கட்டக்கூடாது என்றது அது. 1947-இன் நகர, ஊரகத் திட்டச் சட்டம் நாடு முழுவதும் கட்டடம் கட்டுவதையும் நிலப் பயன்பாட்டை மாற்றுவதையும் அனுமதிக்குள் கொண்டுவந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்திலிருந்தே வயல் நடுவில் வணிகம் செய்யும் உரிமை அரிய பொருள். அதைப் பெற்ற ஒரு சிலரில் சாலைப் பயணிகளுக்குச் சேவை செய்தவர்கள் முக்கியமானவர்கள்.

1958 டிசம்பரில் பிரஸ்டன் புறவழிச்சாலை, 1959 நவம்பர் 2 அன்று எம்1 என்று மோட்டார்வேக்கள் திறக்கப்பட்டன. எம்1 திறந்த அன்றே வாட்ஃபர்ட் கேப்பில் சர்வீஸ் ஏரியாவும் தொழிலைத் தொடங்கியது. அதை நடத்திய புளூ போர் நிறுவனம், பக்கத்தில் இருந்த பழைய ஏ5 சாலையில் பங்க் வைத்திருந்த உள்ளூர் நிறுவனம். புதிய சாலை வந்தபோது வியாபாரத்தை அங்கே எடுத்துக்கொண்டு போக அவர்களால் முடிந்தது. பழைய சாலையிலேயே நின்றுவிட்ட மற்றவர்களின் கதையை யாரும் பெரிதாக எழுதிவைக்கவில்லை. நீங்கள் பார்த்த இடம் அவர்களின் வகையைச் சேர்ந்தது.

ஏ சாலைகள் உடனே செத்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1958-இல் கேரவன் தயாரிப்பாளரான சாம் ஆல்ப்பர், ரெடிங்கில் 11 இருக்கைகளோடு லிட்டில் செஃப் என்ற உணவகத்தைத் தொடங்கினார். அது பிறகு நாடெங்கும் 400 கிளைகளைத் தாண்டியது. 1973-இல் போட்டியாக ஹேப்பி ஈட்டர் வந்தது. இந்த உணவகங்களோடு ஒரு பங்க், ஒரு மலிவு விடுதி, கொஞ்சம் லாரி நிறுத்துமிடம் சேர்ந்தால் அதுதான் ஏ சாலையின் சர்வீஸ் ஏரியா. மோட்டார்வே சர்வீஸ் போல அரசு இடம் குறித்துக் கட்டியது கிடையாது. துண்டு துண்டாக, வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு அனுமதிகளோடு வளர்ந்தது. இந்த ஒட்டுப்போட்ட தன்மை பின்னால் பெரிய விளைவை உண்டாக்கியது.

இனி உங்கள் முதல் கேள்வி. சாப்பாடு ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நான் பார்த்த கோப்புகளில் பெரும்பாலும் சாலைதான் காரணம். ஏ சாலையை அகலப்படுத்தி நடுவில் தடுப்பு வைத்தால், எதிர்ப்பக்கம் போகிறவர் திரும்பி உள்ளே வரமுடியாது. ஒரே நாளில் பாதி வாடிக்கையாளர் போய்விடுவார்கள். சில இடங்களில் ஒரே பெயரில் சாலையின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு உணவகங்கள் இருந்ததற்கு இதுதான் காரணம். ஊரைச் சுற்றிப் புறவழிச்சாலை போட்டால் மீதிப் பாதியும் போகும். இதற்கு மிகத் தெளிவான சான்று மோட்டார்வேயிலேயே இருக்கிறது. 1966 செப்டம்பரில் செவர்ன் பாலம் திறந்தபோது, அதன் ஆங்கிலக் கரையில் ஆஸ்ட் சர்வீஸ் ஏரியா பாலத்தைப் பார்த்தபடி பெரிய கட்டடத்தோடு அமைந்தது. பாலத்தின் வழியாக வேல்ஸ் போகும் எல்லா வண்டியும் அந்த வாசலைக் கடந்தாகவேண்டும். 1996 ஜூனில் இரண்டாவது பாலம் திறந்தது. எம்4 அதன் மேல் போனது, பழைய வழி எம்48 ஆனது. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. சர்வீஸ் சிறிய கட்டடத்துக்குச் சுருங்கியது, பெரிய கட்டடம் அலுவலகமானது. அங்கே சமையல்காரர் என்ன மாற்றிச் சமைத்திருந்தாலும் இது நடந்திருக்கும்.

இதோடு பெட்ரோல் வியாபாரமும் கையைவிட்டுப் போனது. 1960-களின் பிற்பகுதியில் பிரிட்டனில் சுமார் 40,000 பங்க்குகள் இருந்தன. இன்று 8,400 அளவில்தான் இருக்கின்றன. சூப்பர்மார்க்கெட்டுகள் குறைந்த லாபத்தில் பெட்ரோல் விற்றபோது சாலையோரச் சிறு பங்க்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. உணவகச் சங்கிலிகளின் நிலைமையும் ஆட்டம் கண்டது. லிட்டில் செஃப், ஹேப்பி ஈட்டர் இரண்டையும் வைத்திருந்த ஃபோர்ட்டே குழுமத்தை 1996-இல் கிரனாடா நிறுவனம் வாங்கியது, அதை அடுத்து ஹேப்பி ஈட்டர் பெயர் மறைந்தது. லிட்டில் செஃப் கை மாறிக்கொண்டே இருந்து 2007 ஜனவரியில் திவால் நிர்வாகத்துக்குப் போய் மீண்டு, 2018-இல் பெயரே இல்லாமல் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் புதிய உரிமையாளர் முதலில் கேட்கும் கேள்வி, நிலத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதுதான். இந்தக் கடைசி வாக்கியம் என் கருத்து, பதிவு அல்ல. ஆனால் அந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்த முகவர்கள் பலர்.

அந்தக் கேள்விக்குச் சட்டம் கொடுத்த விடையில்தான் சூட்சுமம் இருக்கிறது. 1987-இன் பயன்பாட்டு வகுப்பு ஆணை, கட்டடங்களை எழுத்தும் எண்ணும் இட்டு வகைப்படுத்தியது. கடை என்றால் ஏ1. உணவகம் என்றால் ஏ3. ஏ1-இலிருந்து ஏ3-க்குப் போக, அதாவது கடையை உணவகமாக்க, அனுமதி வேண்டும். புகை, நாற்றம், இரவுச் சத்தம் என்று அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வரும். ஆனால் தலைகீழாக, உணவகத்தைக் கடையாக்குவதற்குத் தனி விண்ணப்பமே தேவையில்லை. பொது ஆணையே அதற்கு அனுமதி தந்துவிட்டது. தொந்தரவு குறைகிறதே, பிறகென்ன என்ற நினைப்பு. ஊர்க் கடைத்தெருவை மனதில் வைத்து எழுதிய விதி அது. வயல் நடுவில் இருநூறு கார் நிறுத்துமிடத்தோடு நிற்கும் உணவகத்தை அதை எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே காலத்தில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு விசை வந்தது. 1980-களில் ஊருக்கு வெளியே தளபாடம், கம்பளம், மின்சாதனம் விற்கும் பெரிய கொட்டகைகள் பெருகின. அவற்றில் பலவற்றுக்கு, கனமான பொருள்களை மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தது. 1987-இல் ஐகியா பிரிட்டனில் தன் முதல் கடையை எம்62-ஐ ஒட்டி வாரிங்டனில் திறந்தது. 1993-இல் ஸ்ட்ரீட் என்ற ஊரில் கிளார்க்ஸ் வில்லேஜும் 1995-இல் பிஸ்டர் வில்லேஜும் தள்ளுபடி விலைத் துணி, செருப்புக்காக மக்கள் காரில் நெடுந்தூரம் வருவார்கள் என்று காட்டின. ஊருக்குள் இருந்த கடைத்தெருக்கள் வாடத் தொடங்கவே அரசு விழித்துக்கொண்டது. 1996 ஜூனில் திருத்தி வெளியிட்ட திட்டக் கொள்கை வழிகாட்டி 6, புதிய கடைக்கு முதலில் ஊர் மையத்தில் இடம் தேடு, இல்லையென்றால் மையத்தின் விளிம்பில் தேடு, அதுவும் இல்லையென்றால்தான் வெளியே வா என்று கறாராகச் சொன்னது. நல்ல விதிதான், நானும் அதன் பக்கம் நின்று வாதிட்டவன். ஆனால் அதன் பக்கவிளைவைப் பாருங்கள். வெளியே புதிதாக அனுமதி வாங்குவது கடினமான அன்றே, வெளியே ஏற்கெனவே அனுமதி உள்ள நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டது. பழைய சர்வீஸ் ஏரியா உணவகம் அப்படி ஒரு நிலம். வாடிக்கையாளர் இல்லாமல் காலியாக நின்ற கட்டடத்துக்கு, அதன் கோப்பில் இருந்த 'ஏ3' என்ற ஒரு எழுத்தும் ஒரு எண்ணும் சொத்தாக மாறின.

இதில் சந்தேகத்துக்கு இடமுண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். உணவகம், பங்க், விடுதி எல்லாம் சேர்ந்த சர்வீஸ் ஏரியாவை ஒரே அலகாகப் பார்த்தால் அது எந்த வகுப்பிலும் அடங்காத தனிப் பயன்பாடு என்று உள்ளாட்சி வாதிடலாம். அப்போது அந்தத் தானியங்கி மாற்றம் செல்லாது. பெட்ரோல் பங்க் எப்போதுமே வகுப்பில் அடங்காதது. மேலும், பழைய அனுமதியிலேயே "சாலைப் பயணிகளின் தேவைக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் கதை முடிந்தது. அந்த வரி எழுதப்பட்டதா என்பது அந்தக் காலத்து அதிகாரியின் கவனத்தைப் பொறுத்தது. 1960-களின் அனுமதிக் கடிதங்கள் சில அரைப்பக்கம்கூட இருக்காது. துண்டு துண்டாக வளர்ந்த தளங்களில் ஒரு கட்டடத்துக்கு நிபந்தனை இருக்கும், பக்கத்துக் கட்டடத்துக்கு இருக்காது. நான் மேலே சொன்ன ஒட்டுப்போட்ட தன்மை இங்கேதான் வேலை செய்கிறது.

இன்னொரு வழியும் உண்டு, அது சத்தமில்லாத வழி. சர்வீஸ் ஏரியாவின் சிறு கடையில் முதலில் வரைபடமும் மிட்டாயும் இருக்கும். பிறகு மழைக்கு ஒரு குடை, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். ஸ்வெட்டர் நன்றாக விற்றால் அடுத்த ஆண்டு அதற்கு ஒரு அறை. பயன்பாட்டு மாற்றத்தின் மேல் பத்து ஆண்டுகள் நடவடிக்கை எடுக்காமல் விட்டால் அது சட்டப்படி செல்லுபடியாகிவிடும். உரிமையாளர் சான்றிதழே வாங்கிக்கொள்ளலாம். யாரும் ஏமாற்றவேண்டியதில்லை. ஊரிலிருந்து தொலைவில் இருப்பதால் புகார் கொடுக்க அண்டை வீட்டாரும் இல்லை.

ஏன் வீடுகள் கட்டவில்லை என்று கேட்கலாம். பள்ளிக்கூடமும் பஸ்ஸும் இல்லாத இடம் என்பது ஒன்று. மண் இன்னொன்று. பல ஆண்டுகள் பெட்ரோல் விற்ற நிலத்தின் அடியில் தொட்டிகள் இருக்கும். அவற்றைத் தோண்டி எடுக்கவேண்டும், அல்லது உள்ளே கான்கிரீட் குழம்போ நுரையோ நிரப்பி மூடவேண்டும். கசிந்த எரிபொருளில் பென்சீன் இருக்கும். தோட்டத்தில் காய்கறி போட்டு, குழந்தை மண்ணில் விளையாடும் வீடு என்றால் மண் மிகச் சுத்தமாக இருக்கவேண்டும். கடை என்றால் அளவுகோல் தளர்வானது. மேலே தார் போட்டுவிட்டால் மண்ணுக்கும் மனிதருக்கும் நேரடித் தொடர்பு அறுந்துபோகிறது. ஆகவே கார் நிறுத்துமிடம் வண்டி நிறுத்த மட்டும் அல்ல, பழைய அழுக்கின் மேல் போட்ட மூடியும்கூட.

அப்படி ஒரு தளத்துக்கு ஒரு மழைநாள் காலையில் அளவெடுக்கப் போயிருந்தேன். செருப்புக்கடையின் பக்கச் சுவரை ஒட்டி மூன்று இரும்பு மூடிகள் ஒரே வரிசையில் இருந்தன. பக்கத்தில் மூன்று காற்றுக் குழாய்கள் ஆளுயரத்துக்கு மேல் நின்றன. பங்க்கின் தரையிலிருந்து ஓடும் மழைநீரில் எண்ணெயைப் பிரித்தெடுக்கும் மூன்று அறைத் தொட்டி அது. கடை நடத்திய அம்மையாருக்கு அது என்னவென்று தெரியவில்லை, குழாயில் குடையை மாட்டி வைத்திருந்தார். நிறுத்துமிடத்தின் கோடியில், ஈரத் தாரின் மேல் பழைய வெள்ளைக் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. இன்றைய கார்க் கட்டம் 4.8 மீட்டர் நீளம். அந்தப் பழைய கோடுகள் சாய்வாக, அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீண்டிருந்தன. லாரிகள் இரவில் தூங்கிய இடம். அந்தக் கோடுகளை அழிக்காமல் மேலேயே புதிய கோடு போட்டிருந்தார்கள். வரைபடத்தில் குறிக்கத் தேவையில்லாவிட்டாலும் நான் அவற்றையும் அளந்து குறித்துக்கொண்டேன்.

மோட்டார்வே சர்வீஸ்கள் இப்படி மாறுவதில்லை என்பதை மருமகனிடம் சொல்லுங்கள். அவை 24 மணி நேரமும் திறந்திருக்கவேண்டும், இரண்டு மணி நேரம் இலவசமாக வண்டி நிறுத்தவிடவேண்டும், கழிப்பறைக்குக் காசு வாங்கக்கூடாது. அதற்கு ஈடாகத்தான் மோட்டார்வேயில் பெயர்ப்பலகை கிடைக்கிறது. மக்கள் கடைக்காகவே தேடி வரும் இடமாக அவை ஆகிவிடக்கூடாது என்பது அரசின் நெடுநாள் நிலைப்பாடு. ஏ சாலையில் பிடி அவ்வளவு இறுக்கமில்லை.

எல்லாக் கதையும் கடை வளாகத்தில் முடிவதில்லை. லண்டனின் வடக்கு வட்டச்சாலையில் 1938-இல் லாரிக்காரர்களுக்காகத் திறந்த ஏஸ் கஃபே, போரில் குண்டு விழுந்து அழிந்து, 1949-இல் மீண்டும் எழுந்து, 1969-இல் மூடி, டயர் விற்கும் இடமானது. 2001-இல் மறுபடி கஃபேயாகவே திறந்தது. நாட்டிங்ஹாம்ஷயரில் ஏ1 என்ற சாலையின் ஓரம் மார்க்கம் மூரில், சாம் ஸ்கோரர் 1960-61-இல் வடிவமைத்த பங்க்கின் கூரை, இறக்கை விரித்த பறவை போல இரண்டு முனை வானைப் பார்த்து வளைந்திருக்கும். பிறகு அதன் அடியில் லிட்டில் செஃப் வந்தது. சாலைத் திட்டத்தால் இடிபட இருந்து தப்பி, 2012-இல் பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் சேர்ந்தது. இப்போது அங்கே ஸ்டார்பக்ஸ். வழிப்போக்கர் இன்றும் அதன் நிழலில்தான் தேநீரோ காபியோ குடிக்கிறார். அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் நிறைகிறது.

2020 செப்டம்பர் 1 முதல் இங்கிலாந்தில் கடையும் உணவகமும் 'இ' என்ற ஒரே வகுப்பில் வந்துவிட்டன. நான் சொன்ன ஏ1, ஏ3 சண்டையெல்லாம் அதற்கு முந்தையது. ஆகவே நீங்கள் பார்த்த வளாகம் எந்த ஆண்டு மாறியது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். அதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. அந்த மாவட்ட உள்ளாட்சியின் இணையதளத்தில் திட்ட அனுமதிப் பதிவேடு இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பழைய விண்ணப்பங்களைத் தேடுங்கள். மிகப் பழையவை இணையத்தில் இல்லாவிட்டால் கேட்டு வாங்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துக்கும் சேர்த்துப் பழைய ஆர்டினன்ஸ் சர்வே (பிரிட்டனின் நில அளவை அமைப்பு) வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பங்க், கஃபே என்ற சிறு எழுத்துகளைத் தேடுங்கள். அனுமதிக் கடிதம் கிடைத்தால் நிபந்தனைகளை முதலில் படியுங்கள், "மட்டும்" என்று பொருள்படும் சொல் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

சாலை எண்ணையும் பக்கத்து ஊரின் பெயரையும் இங்கே எழுதினால் வரைபடத்தைப் பார்த்து என்னால் இயன்றதைச் சொல்கிறேன். அடுத்த முறை மகளோடு அந்த வழியாகப் போனால் பக்கச் சுவரோரம் மூன்று மூடிகள் இருக்கின்றனவா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.